தனித்தொகுதி வேண்டாம், அழைக்கும் உரிமை வேண்டும்: பேராயர் அசரியா எடுத்த நிலைப்பாடுகள்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று நீளும் நம் வானம் பார்த்த பூமியில் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனாலும் அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். மண்டபசாலையில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கன் மதுரை மிஷன் ஒரு நிலையம் நடத்தியது. அந்த மிஷன் விட்டுச் சென்ற சபைகள் இன்று சி.எஸ்.ஐ. மதுரை–இராமநாதபுரம் திருமண்டிலத்தில் இருக்கின்றன. நம்மில் பலருடைய வாப்பாக்களும் பாட்டனார்களும் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள்தாம். ஆனால் இந்த நாட்டில் நம்மைப் போலவே சிறுபான்மையாக வாழும் அவர்கள், அரசியலைப் பற்றியும் தங்கள் சபையைப் பற்றியும் தங்களுக்குள் என்ன விவாதித்தார்கள் என்று கேட்டால் நமக்குத் தெரிந்தது சொற்பம்.

அந்த விவாதத்தில் தவிர்க்க முடியாத பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராக உயர்ந்த முதல் இந்தியர் அவர். மதக் கொள்கையில் இம்மியும் விட்டுக்கொடுக்காத பழமைவாதி. குடியை எதிர்த்தவர், சபைக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியவர், மதமாற்றப் பணியைக் கைவிடும்படி காந்தியே கேட்டபோதும் மறுத்தவர். அப்படிப்பட்டவர், தம் சமுதாயத்துக்குத் தனித்தொகுதி கொடுக்க வெள்ளை அரசு முன்வந்தபோது அது வேண்டாம் என்றார். இந்த இரண்டு நிலைப்பாடுகளும் முரண்பட்டவை போலத் தோன்றும். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

அவரது இறைக்கொள்கை நமக்கு உடன்பாடானது அல்ல. அதைத் தனியே விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு சிறுபான்மைச் சமூகம் தன் மார்க்கத்தை எப்படிப் பார்க்க வேண்டும், ஓர் ஏழை மனிதன் எடுக்கும் முடிவுக்கு என்ன மரியாதை தரவேண்டும் என்ற இரு கேள்விகளும் நம்முடையவையும்தான்.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டம், இன்று தூத்துக்குடி மாவட்டம். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துப் போதகர். இந்து நாடார் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். அந்தச் சமூகம் அப்போது என்ன பாடுபட்டது என்பதற்கு நம் பகுதியே சாட்சி. பக்கத்துக் கமுதியில் 1897இல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு நடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரமும் நடந்தது. இன்று அருப்புக்கோட்டைக் கடைவீதியையும் நாடார் உறவின்முறைப் பள்ளிகளையும் பார்க்கிறவர்களுக்கு இதை நம்புவதே சிரமமாக இருக்கும். தாழ்த்தப்பட்ட மனிதன் மதம் மாறினால் அதற்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று தேடுகிறவர்களை அசரியா ஏன் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி உதவும்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அவர், பிறகு ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகப் பணியாற்றினார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானதிலும், 1905இல் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலும் முன்னின்றார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் ஆகிய மூன்றும் அந்தத் தேசிய சங்கத்தின் கொள்கை. வெள்ளைக்காரர் பணத்தில்தான் மதப் பிரச்சாரம் நடக்கிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த முடிவு இது. 1909இல் அவரே குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்றுக்கொண்டு, தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். அது ஹைதராபாத் நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். ஒரு முஸ்லிம் மன்னரின் நாட்டில்தான் இந்தத் தமிழ்க் கிறிஸ்தவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார்.

இடையில் 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. அங்கே பேசக் கூப்பிட்ட வெள்ளைக்காரர்கள் முன்னிலையில், நீங்கள் எங்களுக்காக உழைக்கிறீர்கள், தியாகம் செய்கிறீர்கள், ஆனால் எங்களை நண்பராக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டவர்களில் பலருக்குக் கசந்தது. ஒரே மதத்தவராக இருந்தும் ஒரே மேஜையில் சமமாக உட்கார வைக்காத உறவைப் பற்றி அவர் சொன்னதை, வளைகுடாவில் அரபு முதலாளியிடம் வேலை பார்த்துவிட்டு வந்த நம் சகோதரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

தனித்தொகுதி என்ற பெட்டி

1909 மின்டோ–மார்லி சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி கிடைத்தது. முஸ்லிம் உறுப்பினரை முஸ்லிம்கள் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது என்பதே அந்த ஏற்பாடு. 1919 சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் அது வந்தது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு இதை இன்னும் விரிவாக்கியது. பின்னர் 1935 சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8 என்று ஒதுக்கப்பட்டன.

கிறிஸ்தவர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 1930–31 வட்டமேஜை மாநாட்டில், நீதிக்கட்சியைச் சேர்ந்த தஞ்சைக் கத்தோலிக்கர் ஏ.டி. பன்னீர்செல்வம் தனித்தொகுதி வேண்டும் என்றார். அதே மாநாட்டில், சேலத்தைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் கே.டி. பால் கூட்டுத்தொகுதியே போதும் என்றார். பன்னீர்செல்வத்தின் வாதம் லேசானது அல்ல. பொதுத்தொகுதியில் ஒரு கிறிஸ்தவனை யார் ஜெயிக்க வைப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான்.

தீர்ப்பு வெளிவந்ததும் அசரியா அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். அது திருச்சபையின் இயல்பையே தாக்குகிறது என்பது அவர் வாதம். திருச்சபை ஒரு சாதி அல்ல. சாதி, மொழி, இனம் எல்லாவற்றையும் கடந்து யாரும் வந்து சேரக்கூடிய ஒரு கூட்டம். அதை அரசாங்கம் ஒரு வகுப்பாக எண்ணி, வேலியடைத்து, இத்தனை இடம் உனக்கு என்று கொடுத்தால், பதவிக்காகவும் சலுகைக்காகவும் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் இன்னொரு சாதியாகத்தான் அது மிஞ்சும். எல்லா மக்களுக்கும் செய்தியைக் கொண்டுபோக வேண்டிய கடமை அங்கே முடிந்துவிடும்.

இதில் நடைமுறைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. மதத்தை வைத்து இடங்களை எண்ணத் தொடங்கிவிட்டால், ஒருவர் மதம் மாறும்போது ஒரு பக்கம் ஒரு தலை கூடுகிறது, மறுபக்கம் ஒரு தலை குறைகிறது. மனிதனின் உள்ளத்தில் நடக்கும் மாற்றம் அரசியல்வாதியின் பேரேட்டில் வரவு செலவாகிவிடுகிறது. பிறகு பக்கத்து வீட்டுக்காரன் அதைத் திருட்டாகத்தான் பார்ப்பான். இன்றைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகும் ஒவ்வொரு முறையும் நம்மைச் சுற்றி நடக்கும் கூச்சலைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் தலைவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், பிரிவினைக்குப் பிறகும் அரசியல் நிர்ணய சபையில் தனித்தொகுதிக்காக வாதாடினார். 1947 ஆகஸ்டில் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் மலபாரின் பி. போக்கர் சாஹிப். அன்றிருந்த சூழலில் எழுந்து நின்று அப்படிக் கேட்பதற்கே அசாத்திய நெஞ்சுரம் வேண்டும். தன் சமுதாயத்தின் உண்மையான பிரதிநிதியைத் தன் சமுதாயமே தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றவர் தயவில் வந்தவன் பேசமாட்டான் என்பது அவர்கள் பார்வை. இன்றைய சட்டமன்றங்களில் நம்மவர் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அந்த அச்சம் வீண் என்று யாராலும் சொல்ல முடியாது. 1949 மே மாதத்தில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீடும் சட்டசபைகளில் கைவிடப்பட்டது. சென்னை லயோலா கல்லூரியில் பணியாற்றிய பாதிரியார் ஜெரோம் டிசூசா போன்ற கிறிஸ்தவ உறுப்பினர்கள் அதை ஏற்றார்கள்.

நம் கருத்து இது: காயிதே மில்லத் கேட்டது பாதுகாப்பு, அசரியா கேட்டது நடமாட்டம். இரண்டுமே ஒரு சிறுபான்மைக்குத் தேவை. ஒன்றைக் கேட்டவர்களைத் துரோகி என்றும் மற்றதைக் கேட்டவர்களை ஏமாளி என்றும் எழுதுவது வரலாறு அறியாத பேச்சு.

காந்தியுடன் நடந்த சண்டை

1935 அக்டோபரில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று இயோலாவில் அறிவித்தார். அதன்பின் ஒடுக்கப்பட்ட மக்கள் எந்த மதத்துக்குப் போவார்கள் என்பது நாட்டின் பெரிய கேள்வியானது. காந்தி மனம் நொந்தார். மிஷனெரிகள் தொண்டு செய்யட்டும், மதம் மாற்றவேண்டாம் என்றார். தமக்கு அதிகாரம் இருந்தால் மதமாற்ற வேலையை நிறுத்திவிடுவேன் என்றும் 1935இல் எழுதினார். 1936 கடைசியில் அமெரிக்கர் ஜான் மாட்டுடன் பேசும்போது, ஒரு பசுவுக்குப் போய் உங்கள் வேதத்தைப் பிரசங்கிப்பீர்களா என்ற பொருள்படக் கேட்டார். ஹரிஜனங்களுக்கு ஒரு மதத்தையும் இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு இல்லை என்பதே அதன் கருத்து. காந்தியை மதிப்பவர்களுக்கும் இது தொண்டையில் சிக்கும் முள்தான்.

அசரியாவின் மறைமாவட்டத்தில் இருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரு தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். அவரது காலத்தில் அவர்கள் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. இவர்கள் ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து மாறியவர்கள். அதனாலேயே இது உண்மையான நம்பிக்கை அல்ல என்று விமர்சித்தார்கள். ஏழைக்கும் ஆன்மா உண்டு, அவனுக்கும் இறைவனைத் தேடும் தாகம் உண்டு, படித்தவனுக்கு மட்டும்தான் மனசாட்சி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதே இந்த விமர்சனத்துக்கு எதிராக அவர் நின்ற இடம். மாறிய பிறகு அவர்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்றார்: குடியை விட்டிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், அதைப் பார்த்து மேல்சாதியினரே சிலர் வந்து சேர்கிறார்கள். ஒருவன் கூட்டத்தோடு முடிவெடுத்தான் என்பதற்காக அந்த முடிவு பொய்யாகிவிடாது. கிராமத்தில் கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை எல்லாமே கூடிப் பேசித்தானே நடக்கிறது.

இந்தப் பழைய சண்டை நமக்குப் புதிதல்ல. 1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தை ஏற்றபோது, டெல்லி வரை அதே கேள்விதான் எழுந்தது. வளைகுடாப் பணம் வந்தது, ஆசை காட்டினார்கள், அறியாத மக்கள் என்றெல்லாம் எழுதினார்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்தவர்கள், காவல்துறையிடம் அடிபட்டவர்கள், தங்கள் வாயால் சொன்ன காரணங்களைக் கேட்டுப் பதிவு செய்தவர்கள் குறைவு. அந்த மக்களில் படித்தவர்களும் அரசு ஊழியர்களும் இருந்தார்கள் என்பதும் பல செய்திகளில் கடைசி வரியாகவே வந்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 256ஆம் வசனம் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மார்க்கத்தில் கட்டாயம் கூடாது என்பது ஒரு பக்கம் என்றால், தானாக வருகிறவனைத் தடுக்கவும் கூடாது என்பது அதன் மறுபக்கம். அசரியா அந்த மறுபக்கத்துக்காகப் போராடினார்.

வீட்டுக்குள் இருந்த சாதி

பண்பாட்டு விஷயத்தில் அவர் எடுத்த வழி கவனிக்கத்தக்கது. கிறிஸ்தவன் ஆவதற்கு ஆங்கிலேயன் ஆக வேண்டியதில்லை என்று சொன்னார். தெலுங்குக் கீர்த்தனைகளையும் நாட்டார் இசையையும் சபைக்குள் கொண்டுவந்தார். தோர்ணக்கல்லில் அவர் கட்டி 1939இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தில் திராவிடக் கோயில் பாணித் தூண்களும், பள்ளிவாசல்களில் காண்பது போன்ற குவிமாடங்களும் உண்டு. லண்டன் ஆலயத்தைப் பார்த்து அச்சடித்த கட்டடம் அல்ல அது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கல்தூண் பள்ளிவாசல்கள் கட்டிய நம் முன்னோர்களும் இதே போலத்தான் யோசித்திருப்பார்கள். அதே சமயம் குடி, மூடப்பழக்கம், சாதி ஆகிய மூன்றிலும் அவர் சமரசம் செய்யவில்லை. எது மண்ணின் பழக்கம், எது மார்க்கத்துக்கு விரோதம் என்று பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் தூக்கி எறிவதும் எல்லாவற்றையும் கட்டிக்கொள்வதும் சுலபமான வேலைகள். நடுவில் நிற்பதுதான் கஷ்டம்.

கொடை பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். கூலிக்காரனும் தன் சபைக்குத் தானே கொடுக்க வேண்டும், அன்னியப் பணத்தில் வளர்கிற சபை அன்னியமாகவே இருக்கும் என்பது அவர் எண்ணம். பெண்கள் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் பழக்கம் தென்னிந்தியக் கிறிஸ்தவர்களிடம் பரவலாக இருந்தது. மதரஸாவுக்குப் பிடியரிசி எடுத்து வைத்த நம் வீட்டு உம்மாமார்களுக்கு இது அன்னியப் பழக்கமே அல்ல.

ஆனால் சாதியில் அவர் முழுதாக ஜெயிக்கவில்லை. மாலாக்களும் மாதிகாக்களும் ஒரே ஞானஸ்நானம் பெற்ற பிறகும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது அரிதாகவே இருந்தது. அவருடைய சொந்தத் திருநெல்வேலியிலும் கல்லறைத் தோட்டம் வரை சாதி போனது. வெளியே ஒடுக்கப்பட்டவனின் உரிமைக்காகப் பேரரசோடும் மகாத்மாவோடும் வாதாடிய மனிதருக்கு, உள்ளே தம் மக்களின் கல்யாணப் பேச்சை மாற்ற முடியவில்லை.

இதை அவர்களுடைய குறையாக மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு முகம் இல்லை. பள்ளிவாசல் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறோம். ஒரே தட்டில் பிரியாணி சாப்பிடுகிறோம். புதிதாக இஸ்லாத்துக்கு வந்த ஒருவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தால் என்ன நடக்கிறது? ராவுத்தர், மரைக்காயர், லப்பை, தக்கனி என்று நமக்குள் கேட்டுக்கொள்வதும் குறைந்திருக்கிறதே தவிர நின்றபாடில்லை.

ஒன்றான சபை, ஒரு சொல்

திருச்சபையைப் பற்றி அவருக்கிருந்த பெரிய கவலை, அது பல துண்டுகளாகக் கிடந்ததுதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரிந்த பிரிவுகளை இங்கே ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 பேரில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். அங்கே தொடங்கிய பேச்சுவார்த்தை, பேராயர் பதவி வேண்டுமா வேண்டாமா என்பதில் சிக்கி 28 ஆண்டுகள் இழுத்தது. கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. பிறந்தது. மண்டபசாலை போன்ற அமெரிக்கன் மிஷன் வழிவந்த சபைகளும் ஆங்கிலிக்கன் சபைகளும் மெதடிஸ்ட் சபைகளும் அதில் ஒன்றாயின. அதைப் பார்க்க அசரியா இல்லை. 1945 ஜனவரி 1 அன்று அவர் காலமாகியிருந்தார்.

அவர் காந்தியிடம் விட்டுக்கொடுக்க மறுத்த உரிமை, அவருக்குப் பிறகு அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லாக வந்தது. 1948 டிசம்பரில், இன்றைய 25ஆவது பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, மதத்தைப் பின்பற்றலாம் என்பதோடு 'பரப்பலாம்' என்ற சொல்லும் இருக்க வேண்டுமா என்று கடும் சண்டை நடந்தது. லோகநாத் மிஸ்ரா எதிர்த்தார். முஸ்லிம் உறுப்பினர் தஜம்முல் ஹுசைனும்கூட, மதம் தனிமனித விவகாரம், பரப்ப வேண்டியதில்லை என்றார். கிறிஸ்தவச் சமூகத்துடன் ஏற்பட்ட சமரசத்தில் விளைந்த சொல் அது என்று கே.எம். முன்ஷி நினைவூட்டினார், கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆதரித்துப் பேசினார். சொல் நின்றது. இன்று நம் ஊர்களில் நடக்கும் தஃவா கூட்டங்களும், இலவசக் குர்ஆன் தமிழாக்க விநியோகமும் அந்த ஒற்றைச் சொல்லின் நிழலில்தான் நடக்கின்றன. ஆனால் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கியது: பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது.

தனி ஒதுக்கீடு என்ற பழைய கேள்வியும் வேறு உருவில் திரும்பி வந்தது. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதமும், கிறிஸ்தவர்களுக்கு 3.5 சதவீதமும் தனியாகக் கொடுத்தது. ஒரே ஆண்டில் கிறிஸ்தவத் தலைவர்கள், பொதுவில் போட்டியிட்டபோது கிடைத்ததைவிடத் தனி ஒதுக்கீட்டில் குறைவாகக் கிடைக்கிறது என்று கணக்குக் காட்டி, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2008இல் அது ரத்தானது. நமக்கு அது பயன் தந்ததால் இன்றும் தொடர்கிறது. ஒரு சமூகத்துக்கு அடைப்பாக இருப்பது இன்னொன்றுக்குக் கதவாக இருக்கலாம்.

இன்றைய சட்ட நிலையைக் குடும்பங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை, 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் இஸ்லாத்தைத் தழுவுகிறவர் மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி கேட்கத் தேவையில்லை. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் நிலைமை அப்படி அல்ல. பெயரை மாற்றினால் அரசிதழில் வெளியிட்டுக்கொள்ள வேண்டும். ஆதிதிராவிடர் வகுப்பிலிருந்து வருகிறவர் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதியை இழக்கிறார். பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி. பிரிவுகளிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பி.சி. முஸ்லிமாகக் கருதலாம் என்று 2024 மார்ச்சில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. அதற்கு முன் இவர்களில் பலர் 'இதர வகுப்பு' என்ற சான்றிதழோடு எந்த ஒதுக்கீடும் இல்லாமல் நின்றார்கள். அந்தச் சான்றிதழை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் புதிய முஸ்லிம் குடும்பம் உங்கள் மஹல்லாவில் இருந்தால், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் தாலுகா அலுவலகத்துக்கு ஜமாஅத்தார் யாராவது ஒருவர் கூடவே போய் வரலாம்.